பராமரிப்பு இல்லத்தில் ஒரு பொம்மை: மறதிநோய் குறித்த நிகழ்வு ஆய்வு

இங்கே விவரிக்கப்படும் மூதாட்டி தனியொருவர் அல்லர். மறதிநோய்ப் பராமரிப்பில் திரும்பத் திரும்ப எதிர்ப்படும் சூழல்களை ஒருவருடைய வாழ்வாகக் கோத்து எழுதப்பட்ட நிகழ்வு இது. மறதிநோய் உள்ளவர்களின் பதற்றம் தணியும் என்ற நோக்கில், குழந்தைபோல் ஏந்திக்கொள்ள ஒரு பொம்மையை அவர்கள் அருகில் வைக்கும் பராமரிப்பு முறையைப் பற்றியது. ஆய்வாளர்களின் பெயர்களும் ஆண்டுகளும் அவர்கள் கண்டறிந்தவையும் மட்டும் பதிவில் உள்ளபடியே தரப்பட்டிருக்கின்றன.

பின்னணி

அவருக்கு வயது 80-ஐக் கடந்திருந்தது. அல்சைமர் வகை மறதிநோய் நடுத்தர நிலையைத் தாண்டிக் கடுமையான நிலையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. பல பிள்ளைகள் இருந்த வீட்டில் மூத்தவராகப் பிறந்து, தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்த்தவர். பிறகு ஓர் அலுவலகத்தில் கணக்கராக வேலை பார்த்துக்கொண்டே தம் மூன்று பிள்ளைகளையும் ஆளாக்கியவர். பணிக்காலம் முழுவதும் மாலையானதும் பள்ளிக்குச் சென்று பிள்ளைகளை அழைத்துவருவது அவருடைய பொறுப்பாக இருந்தது. பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தபோது குடும்பத்தார் இந்தத் தகவலைப் போகிறபோக்கில்தான் சொன்னார்கள். பின்னர் நடந்த அனைத்தையும் புரிந்துகொள்ள அதுவே மிகவும் பயன்பட்டது.

பராமரிப்பு இல்லத்துக்கு வந்தபின் காலை நேரங்களில் அவர் அமைதியாகவே இருந்தார். பிற்பகல் சாயத் தொடங்கியதும் நிலை மாறும். வாசல் கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுப்பார். வருவோர் போவோரிடமெல்லாம், "பிள்ளைங்க காத்துக்கிட்டு இருப்பாங்க, என்னை விடுங்க" என்று மன்றாடுவார். தடுத்தால் அடிப்பார், பிறகு அழுவார். மறதிநோயில் மாலை நேரத்தில் பதற்றம் கூடுவது பரவலாகக் காணப்படும் ஒன்று. ஆனால் அந்தப் பதற்றத்துக்கு ஒவ்வொருவரிடமும் ஒரு தனி உள்ளடக்கம் இருக்கிறது. இவரிடம் அது நிறைவேறாமல் நிற்கும் ஒரு கடமையாக இருந்தது.

தொடக்கத்தில் ஊழியர்கள் உண்மையைச் சொல்லித் தெளிவிக்க முயன்றார்கள். "அம்மா, உங்க பிள்ளைங்களுக்கே பேரப்பிள்ளைங்க வந்தாச்சும்மா" என்று பரிவோடுதான் சொன்னார்கள். அவருக்கு அது, தம் பிள்ளைகளைத் தெருவில் நிற்க விட்டுவிட்டு இவர்கள் தம்மிடம் பொய் சொல்கிறார்கள் என்பதாகவே பட்டது. பதற்றம் மேலும் கூடியது. குறைந்த அளவில் தரப்பட்ட மனப்பிறழ்வு எதிர்ப்பு மருந்து அவரை அமைதிப்படுத்தியது. கூடவே நடை தள்ளாடியது, ஒருமுறை விழுந்தார். மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு இவ்வகை மருந்துகள் இறப்பு வாய்ப்பைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் புதிய தலைமுறை மருந்துகளுக்கு 2005-லும், பழைய மருந்துகளுக்கு 2008-லும் கடும் எச்சரிக்கை விடுத்திருக்கிறது. மருத்துவர் மருந்தைப் படிப்படியாக நிறுத்திவிட்டு, வேறு வழி பார்க்கச் சொன்னார்.

பொம்மைக்கு முன் செய்யப்பட்டவை

பொம்மையைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தம் வலியைச் சொல்லத் தெரியாத நிலையை அடைந்துவிட்ட ஒருவருடைய பதற்றத்துக்கு முதற்காரணம் உடலாக இருக்கலாம். எனவே சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புதிய மருந்துகளின் விளைவு, பார்வை, செவித்திறன் ஆகிய எல்லாம் பார்க்கப்பட்டன. மூட்டுவலிக்கு மாத்திரை வேளை தவறாமல் கொடுக்கப்பட்டது. ஒரு காதில் மெழுகு அடைத்திருந்தது நீக்கப்பட்டது. மாலை நேரத்தில் கூடத்தின் விளக்குகள் முன்கூட்டியே போடப்பட்டன. ஊழியர்களின் பணிமாற்றமும் அதே வேளையில் நடந்து கூச்சலும் அவசரமும் நிறைந்திருந்ததால் அது வேறு நேரத்துக்கு மாற்றப்பட்டது. ஒவ்வொரு பதற்றத்துக்கும் முன்பு என்ன நடந்தது, அப்போது அவர் என்ன செய்தார், அதன்பின் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று குறிப்பேட்டில் எழுதிவைக்கப்பட்டது.

இவற்றால் ஓரளவு தணிவு ஏற்பட்டது. ஆனால் பிள்ளைகளைத் தேடுவது நிற்கவில்லை. அந்தத் தேடலை வெறும் நினைவுப் பிழையாக மட்டும் பார்ப்பது போதாது என்பதற்கு ஆய்வுலகில் வலுவான அடிப்படை உண்டு. அச்சம் எழும்போது நெருக்கமானவரிடம் பாதுகாப்பைத் தேடுவது மனித இயல்பு என்று பிரிட்டன் மனநல மருத்துவர் ஜான் பவுல்பி குழந்தைகளைக் கொண்டு வகுத்த பற்றுறவுக் கோட்பாட்டை, நெதர்லாந்து உளவியலாளர் பேர மீசன் 1990-களில் மறதிநோய்க்குப் பொருத்திப் பார்த்தார். இறந்துபோன பெற்றோரை உயிரோடிருப்பதாக எண்ணித் தேடுபவர்கள், தமக்கு அந்நியமாகிவிட்ட சூழலில் பாதுகாப்பைத் தேடுகிறார்கள் என்பது அவருடைய விளக்கம். பெற்றோரைத் தேடுபவர் தமக்கு அரவணைப்பு வேண்டுகிறார் என்றால், பிள்ளைகளைத் தேடுபவர் தாம் அரவணைக்க ஓர் உயிரை வேண்டுகிறார் என்று கொள்ளலாம். இந்த வேறுபாடு முக்கியமானது. இவருக்கு வேண்டியிருந்தது ஆறுதல் மட்டுமன்று. செய்வதற்கு ஒரு வேலை.

பொம்மை வைக்கப்பட்ட முறை

மென்மையான உடலும், கையில் எடுத்தால் கைக்குழந்தையின் எடையை உணர்த்தும் கனமும் கொண்ட பொம்மை தேர்ந்தெடுக்கப்பட்டது. அழும் ஒலியெழுப்பும் பொம்மை தவிர்க்கப்பட்டது, ஏனெனில் காரணமின்றி அழுது, எதைச் செய்தாலும் ஓயாத குழந்தை எந்தத் தாயையும் நிலைகுலைய வைக்கும். எப்போதும் கண் மூடியிருக்கும் பொம்மையும் வேண்டாமென்று முடிவாயிற்று. அசைவற்று மூடிய கண்களை மரணமாகப் புரிந்துகொள்ளும் அபாயம் இருக்கிறது. தோலின் நிறம் அவருடைய குடும்பத்தாரின் நிறத்தை ஒத்ததாக இருந்தது. இதை அற்பமான விவரமென்று ஒதுக்கக் கூடாது. நிறத்தைத் தவிர மற்றெல்லாவற்றிலும் ஒன்றுபோலிருந்த பொம்மைகளை 3 முதல் 7 வயதுவரையிலான கருப்பினக் குழந்தைகளிடம் காட்டி, பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே நல்லதென்று தேர்ந்தெடுப்பதை அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியர் 1940-களில் பதிவுசெய்தார்கள். பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாதென்று 1954-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் கென்னத் கிளார்க்கின் பணி மேற்கோள் காட்டப்பட்டது. பொம்மையின் முகத்தில் மனிதர்கள் யாருடைய முகத்தைக் காண்கிறார்கள் என்பது எந்த வயதிலும் பொருட்படுத்த வேண்டிய கேள்விதான்.

பொம்மையை அவர் கையில் யாரும் கொடுக்கவில்லை. கூடத்தில் அவர் வழக்கமாக உட்காரும் இடத்துக்கு அருகில் ஒரு நாற்காலியில் அது சாய்த்து வைக்கப்பட்டது. பக்கத்து மேசையில் மடிக்க வேண்டிய துண்டுகளும் வைக்கப்பட்டன, அவர் பொம்மையைக் கவனிக்காவிட்டாலும் செய்வதற்கு வேறொன்று இருக்கட்டும் என்பதற்காக. கையில் திணித்தால் மறுப்பதற்கு இடமிராது. வைத்துவிட்டு விலகினால் எடுப்பதும் எடுக்காததும் அவருடைய முடிவாகிறது. சொற்களால் சம்மதம் தெரிவிக்க இயலாத நிலையில் இருப்பவரிடம் நாம் கேட்டுப் பெறக்கூடிய சம்மதம் பெரும்பாலும் இந்த வடிவில்தான் கிடைக்கும்.

முதலில் அவர் அதைப் பார்த்துவிட்டுக் கடந்து போனார். பிறகொரு நாள் நின்றார். "யாரு இதை இங்க தனியா விட்டுட்டுப் போனது?" என்று அதட்டலாகக் கேட்டுவிட்டு எடுத்து இடத்தோளில் சாய்த்துக்கொண்டார். தலைக்குப் பின்னால் ஒரு கை, முதுகில் ஒரு கை, இடுப்பிலிருந்து மெல்லிய ஆட்டம். எதையும் அவர் யோசித்துச் செய்யவில்லை. பெரும்பாலான தாய்மார்கள், இடக்கைப் பழக்கம் உள்ளவர்களும்கூட, குழந்தையை இடப்பக்கமே ஏந்துகிறார்கள் என்று அமெரிக்க உளவியலாளர் லீ சால்க் 1960-ல் எழுதியது இங்கே நினைவுக்கு வருகிறது. நிகழ்ச்சிகளின் நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் அல்சைமர் நோயில் வெகு முன்னதாகவே சிதைகிறது. கைகளுக்கும் உடலுக்கும் பழகிப்போன செயல்முறை நினைவோ மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்திருப்பதால் நெடுங்காலம் தாக்குப்பிடிக்கிறது. தம் பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்ல முடியாதவர், ஒரு பச்சைக்குழந்தையின் கழுத்தைத் தாங்கிப் பிடிக்க மறக்கவில்லை.

ஊழியர்களுக்கு ஒரே ஒரு விதி சொல்லப்பட்டது: அவர் எதைச் சொல்லி அழைக்கிறாரோ அதைச் சொல்லியே பேச வேண்டும். அவர் "பாப்பா" என்றால் பாப்பா. "பொம்மை அழகா இருக்கு" என்றால் பொம்மை. இரண்டையும் அவர் சொன்னார், சில சமயம் ஒரே மாலையில்.

மகளின் எதிர்ப்பு

மூத்த மகள் வந்து பார்த்தபோது அவருக்கு அது பேரதிர்ச்சியாக இருந்தது. "எங்கம்மா ஒரு அலுவலகத்தையே கணக்கு வச்சு நடத்தினவங்க. அவங்க கையில பொம்மையைக் கொடுத்து உட்கார வச்சிருக்கீங்களே" என்றார். இந்த எதிர்ப்பை உணர்ச்சிவசப்பட்ட பேச்சாக எடுத்துக்கொள்ளாமல் அதற்குரிய மதிப்பைத் தர வேண்டும். மறதிநோயாளரின் மனிதத்தன்மையை மையப்படுத்திய பராமரிப்பு முறையை வகுத்த பிரிட்டன் உளவியலாளர் டாம் கிட்வுட், பராமரிப்பவர்கள் தீய எண்ணமின்றியே இழைக்கும் கேடுகளைப் பட்டியலிட்டபோது, முதியவரைக் குழந்தையாக நடத்துவதையும் அவற்றில் ஒன்றாகச் சேர்த்தார். 1997-ல் வெளிவந்த அவருடைய நூலுக்குப் பிறகு எந்தப் பராமரிப்பு இல்லமும் இந்தக் குற்றச்சாட்டை எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

மகளிடம் வாதாடி வெல்ல யாரும் முயலவில்லை. மாலையில் வந்து, அருகில் அமர்ந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார். அவர் கண்டது பொம்மையோடு விளையாடும் ஒரு குழந்தையை அல்ல. ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரை. மறதிநோய் வந்த நாளிலிருந்து அவருடைய தாயைச் சுற்றியிருந்த எல்லோரும் அவருக்குச் சோறூட்டி, உடைமாற்றி, கைப்பிடித்து நடத்தினார்கள். எல்லாவற்றையும் பெறுபவராக மட்டுமே அவர் ஆகியிருந்தார். பொம்மை கையிலிருந்த நேரத்தில் மட்டும் அவர் கொடுப்பவராக இருந்தார். கிட்வுட் கண்டித்த குழந்தையாக்குதல் பொம்மையில் இல்லை, அதைச் சூழ்ந்தவர்களின் குரலில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. கொஞ்சும் குரலில் "அம்மா பாப்பாவோட வெளாடுறாங்களா?" என்று ஊழியர் கேட்டால் முதியவர் குழந்தையாகிறார். "பாப்பா இன்னிக்கு அமைதியா இருக்கே, எப்படிம்மா தூங்க வச்சீங்க?" என்று கேட்டால் அனுபவமுள்ள ஒரு தாயிடம் இளையவர் யோசனை கேட்கிறார்.

மகள் முழுமையாக உடன்படவில்லை. தாம் வரும்போது பொம்மை கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்று கேட்டார். தாயே அதைத் தேடினாலொழிய அப்படியே செய்யப்பட்டது.

கொள்ளுப்பேத்தியும் அவளுடைய பொம்மையும்

ஒரு விடுமுறை நாளில் 5 வயதுக் கொள்ளுப்பேத்தி தன் பொம்மையோடு வந்தாள். இருவரும் அருகருகே அமர்ந்து தத்தம் பொம்மைகளைத் தட்டித் தூங்கவைத்தார்கள். பார்த்தவர்களுக்கு இருவரும் ஒன்றையே செய்வதாகத் தோன்றியது. சற்று நேரத்தில் சிறுமிக்கு வேறெதிலோ கவனம் திரும்ப, பொம்மையைத் தலைகீழாகத் தரையில் போட்டுவிட்டு ஓடினாள். மூதாட்டி பதறிப்போய், தம்முடையதை ஒரு கையில் அணைத்தபடியே குனிந்து அதையும் எடுத்தார்.

இருவருக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அந்தக் கணத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 18 மாதத்தில் குழந்தையிடம் பாவனை தொடங்குகிறது. முதலில் வெற்றுக் கோப்பையிலிருந்து தானே குடிப்பதாகப் பாவிக்கிறது. அடுத்து பொம்மைக்குக் குடிக்கக் கொடுக்கிறது. இரண்டு வயதையொட்டிப் பொம்மையே கோப்பையைத் தூக்கிக் குடிப்பதாக ஆக்குகிறது. அதாவது பொம்மைக்குள் ஒரு மனத்தை வைக்கிறது. 2020-ல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் சாரா கெர்சன் குழுவினர் 4 முதல் 8 வயதுக் குழந்தைகள் விளையாடும்போது மூளையின் செயல்பாட்டை அளந்தார்கள். பிறரைப் புரிந்துகொள்வதோடு தொடர்புடைய பகுதி, தனியே பொம்மைகளோடு விளையாடும்போதும் தூண்டப்படுவதைக் கண்டார்கள். அந்த ஆய்வுக்கு நிதியளித்தது பொம்மை தயாரிக்கும் மேட்டெல் நிறுவனம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனால் இந்தப் பாவனை நடக்கும்போதெல்லாம் அது பொம்மை என்பதைக் குழந்தை விட்டுவிடுவதில்லை. இரண்டு உண்மைகளையும் ஒருசேர ஏந்தியிருப்பதால்தான் வேண்டும்போது ஒன்றைக் கீழே போட முடிகிறது. மூதாட்டியால் இரண்டையும் ஒருசேர ஏந்த முடியவில்லை. ஒன்று மாற்றி ஒன்று வந்து போயிற்று. குழந்தை விளையாட்டில் பயின்றுகொண்டிருந்தது. அவர் பயின்று முடித்ததைச் செய்துகொண்டிருந்தார். இதனாலேயே அவருடைய செயலை விளையாட்டு என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை. முதுமை இரண்டாம் குழந்தைப் பருவம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம்; இந்த நிகழ்வு அதை மறுக்கிறது.

இருவருக்கும் பொதுவான ஒன்றும் உண்டு. அது பொம்மையிடம் இல்லை, பெரியவர்களிடம் இருக்கிறது. பிரிட்டன் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட், குழந்தை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும் துணித்துண்டையோ கரடிப் பொம்மையையோ பற்றி 1953-ல் வெளியான கட்டுரையில் விளக்கினார். அகத்துக்கும் புறத்துக்கும் இடைப்பட்ட வெளியில் அந்தப் பொருள் இருக்கிறது; இதை நீயே கற்பனை செய்தாயா, வெளியிலிருந்து உனக்குக் கிடைத்ததா என்று குழந்தையிடம் பெரியவர்கள் கேட்பதில்லை என்றார். எல்லா வீட்டுப் பெரியவர்களும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே இந்த மரியாதையைக் குழந்தைக்குத் தருகிறார்கள். 5 வயதுச் சிறுமியிடம் "இது உண்மையிலேயே பாப்பாவா?" என்று யாரும் குறுக்கு விசாரணை செய்யவில்லை. பாட்டியிடம் மட்டும் கேட்கத் துடிக்கிறார்கள். முதியவருக்கும் அந்தக் கேள்வியைக் கேட்காமலிருப்பதே பொம்மைப் பராமரிப்பின் அடிப்படை.

எதிர்ப்பட்ட சிக்கல்கள்

கேட்காமலிருப்பது வேறு, ஏமாற்றுவது வேறு. இந்த எல்லை நடைமுறையில் பலமுறை சோதனைக்குள்ளானது. பொம்மையின் முகத்தில் அழுக்குப் படிந்து அதைத் துவைக்க எடுத்துச் சென்றபோது அவர் இல்லத்தையே கலக்கிவிட்டார். "குளிப்பாட்டிக் கொண்டுவரேம்மா" என்று சொல்லி எடுத்துச் செல்வதென்று முடிவாயிற்று. இது பொய்யா? பொம்மை உண்மையில் கழுவப்பட்டது, உண்மையில் திரும்பி வந்தது. அவருடைய சொற்களில் பேசினார்களே தவிர, நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லவில்லை. மாறாக, அவர் நேரடியாக "இது நிஜப் பிள்ளையா?" என்று கேட்ட ஒரு வேளையில், ஆம் என்று சொல்லக் கூடாதென்பதில் குழுவினர் ஒத்த கருத்தோடு இருந்தார்கள். அந்த ஊழியர், "உங்களுக்கு எப்படிம்மா தோணுது?" என்று கேட்க, "பொம்மைதான், ஆனா பாவம்" என்றார் அவர்.

பாப்பாவுக்கு ஊட்டாமல் தாம் உண்ண மறுத்தார். தம் தட்டில் இருந்ததை எல்லாம் அதன் வாயருகே கொண்டுசென்று சிந்தியதால் எடை குறையத் தொடங்கியது. உணவு வேளையில் ஓர் ஊழியர் பொம்மையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "நான் பார்த்துக்கறேன், நீங்க சாப்பிடுங்கம்மா" என்று உட்கார்ந்தபின் அவர் சாப்பிட்டார். பிள்ளை வளர்த்த எந்தப் பெண்ணுக்கும் இந்த ஏற்பாடு புரியும். இரவில் விழித்தே கிடந்தார் என்பதால் கட்டிலருகே சிறிய தொட்டில் வைக்கப்பட்டது. இல்லத்தில் இன்னொரு பெண்மணி அது தம் குழந்தை என்று உரிமை கோரியதால் கைகலப்பு நேர இருந்தது. அந்தப் பெண்மணிக்கு வேறு தோற்றமுள்ள மற்றொரு பொம்மை வைக்கப்பட்டது. புதிதாகச் சேர்ந்த ஊழியர் ஒருவர் படுக்கை விரிக்கும்போது பொம்மையை ஒரு கையைப் பிடித்துத் தூக்கி எறிந்துவிட, மூதாட்டி போட்ட அலறல் அடங்க வெகுநேரமாயிற்று. துப்புரவுப் பணியாளர் முதல் மருத்துவர்வரை அனைவரும் அவர் முன்னிலையில் பொம்மையைக் குழந்தையை ஏந்துவதுபோலவே ஏந்த வேண்டும் என்று பராமரிப்புத் திட்டத்தில் அதன்பிறகே எழுதப்பட்டது.

இவற்றைவிடப் பெரிய அபாயம் ஒன்று சத்தமின்றி வந்தது. பொம்மை கையில் இருந்தால் அவர் யாரையும் அழைப்பதில்லை. அழைக்காதவரிடம் ஆள் பற்றாக்குறையுள்ள இல்லத்தில் யாரும் போவதில்லை. குறிப்பேட்டில் "அமைதியாக இருந்தார்" என்று தொடர்ந்து எழுதப்பட்டிருந்த நாட்களில், மாலை முழுவதும் ஒருவரும் அவரோடு பேசவில்லை என்பது மேற்பார்வையில் தெரியவந்தது. பொம்மை பதில் பேசாது. அவருடைய பரிவைப் பெற்றுக்கொள்ளும், ஒன்றையும் திருப்பித் தராது. பதில் தர வேண்டியவர்கள் மனிதர்கள். எனவே மாலையில் ஓர் ஊழியர் அவரருகே அமர்ந்து பாப்பாவைச் சாக்காகக் கொண்டு அவருடைய பிள்ளைகளைப் பற்றிப் பேச வேண்டுமென்பது கட்டாயமாக்கப்பட்டது. தம் தங்கையை இடுப்பில் சுமந்தது, கடைசி மகனுக்குப் பால் மறக்கவைக்கப் பட்ட பாடு எனக் குடும்பத்தாரே கேட்டிராத செய்திகள் அந்த உரையாடல்களில் வந்தன. மகளின் மனம் சற்று இளகியது அவற்றைக் கேட்டபின்புதான்.

எல்லோருக்கும் இது ஏற்றதன்று. குழந்தையைப் பறிகொடுத்தவர்களுக்கும், சிறுவயதில் கொடுமைக்குள்ளானவர்களுக்கும் பொம்மை பழைய புண்ணைக் கீறிவிடக்கூடும். எனவே வாழ்க்கை வரலாற்றைக் குடும்பத்தாரிடம் கேட்டறியாமல் தொடங்கக் கூடாது. ஆண்களுக்குப் பொருந்தாது என்று முன்கூட்டியே விலக்குவதும் சரியன்று. குழந்தைகளை ஆசையோடு வளர்த்த தந்தையரும் பொம்மையை ஏந்துகிறார்கள்.

எவ்வளவு பலன்

மாலைப் பதற்றத்தின் கடுமையும் நீளமும் குறைந்தன. கதவருகே செல்வது அறவே நிற்கவில்லை. காலை நேரத்தில் மாற்றமே இல்லை. வலி மருந்து, வெளிச்சம், பணிமாற்ற நேரம் ஆகியவை ஏறக்குறைய அதே காலத்தில் மாறியதால், முன்னேற்றம் முழுவதையும் பொம்மையின் கணக்கில் எழுத முடியாது. ஒரு நிகழ்வை வைத்து அதற்குமேல் சொல்வது நேர்மையாகாது.

பரந்த ஆய்வுலகிலும் படம் இதைப் போன்றதே. இங்கிலாந்தின் நியூகாசிலில் இயன் ஜேம்ஸ், லோர்னா மெக்கன்சி ஆகியோர் 2000-களின் நடுப்பகுதியில் வெளியிட்ட சிறு ஆய்வுகளில், பொம்மையைப் பயன்படுத்தியவர்கள் பலருடைய நிலை மேம்பட்டதாகப் பராமரிப்பாளர்கள் கருதினார்கள். பொம்மை யாருக்குச் சொந்தம் என்ற தகராறும் அப்போதே பதிவானது. ஆஸ்திரேலியாவில் வெண்டி மொய்ல் குழுவினர் பங்கேற்பாளர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி நடத்திய சிறிய முன்னோட்ட ஆய்வில் பதற்றம் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. மகிழ்ச்சி கூடியதற்கு மட்டும் அறிகுறி தென்பட்டது. மருந்துக்கு மாற்று என்று விற்கப்படும் அளவுக்குச் சான்று இல்லை. ஆனால் பதற்றத்தைக் குறைப்பது ஒன்றே பராமரிப்பின் அளவுகோலாக இருக்க வேண்டுமா? நாளின் சில மணி நேரம் ஒருவருடைய முகத்தில் திருப்தி இருந்தது என்பதும் எழுதிவைக்கத் தகுந்த பலன்தான்.

பிற்பகுதி

நோய் முற்றியபோது பொம்மையை ஏந்தும் வலு கைகளில் குறைந்தது. பிறகு அதை மடியில் வைத்தாலும் கண் அதன்பக்கம் போகவில்லை. சில மாலைகளில் தள்ளிவிட்டார். தள்ளிவிட்டதை மறுப்பாக ஏற்றுக்கொண்டு, மீண்டும் வைத்துப் பார்க்க வேண்டாமென்று குழு முடிவெடுத்தது. மாலையில் அருகில் அமர்ந்து பேசும் நேரம் குறைக்கப்படவில்லை. இப்போது ஊழியர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அவர் முன்பு சொன்ன செய்திகளையே அவருக்குச் சொன்னார். பொம்மையை அடுத்து வருபவருக்குக் கொடுக்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது, தொற்றுத் தடுப்பு விதிப்படியும் அது ஒருவருக்கே உரிய பொருள் என்பதாலும் கூடாதென்று முடிவாயிற்று. அவருடைய உடைமைப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டு, மற்ற பொருட்களோடு குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது. கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டவர் மூத்த மகள்.